கடைசி வரிசை சப்டைட்டில்

1

ஊரில் இருக்கும் நண்பர்கள் போனில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "சிங்கப்பூர்ல உனக்கு என்னப்பா குறை, ஞாயித்துக்கிழமைன்னா ஜாலிதானே?" போன ஞாயிற்றுக்கிழமையை அப்படியே எழுதிவிடுகிறேன். ஜாலியா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலையில் மாதா கோயிலில் என் மனைவி செலினுக்கு முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. மாலையில் லிட்டில் இந்தியாவில் எங்கள் மலையாள பிலிம் சொசைட்டியின் மாதப் படம். இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் ஷிப்ட் பார்ப்பவனுக்கு ஞாயிறு விடுமுறை கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்த ஒரு ஞாயிற்றில் செலினையும் சினிமாவையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஜெனி குவீன்ஸ்டவுனில் தனியாக ஒரு பழைய பிளாக்கில் வாடகைக்கு இருக்கிறாள். தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள். "அப்பா, பூசைக்கு வர சங்கடமா இருக்கு." இவ்வளவுதான். கூட ஒரு பொம்மை முகம்கூட இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தாயின் பூசைக்கு வருவதில் இவளுக்கு என்ன சங்கடம்? கோயில் பக்கம் வந்து நாளாகிவிட்டது, அந்தக் கூச்சமா? 'எப்பம்மா கல்யாணம்' என்று பங்குக் கோயில் ஆன்ட்டிமார் பிடித்துக்கொள்வார்கள், அதுவா? செலின் போன பிறகு நாங்கள் இருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டது இல்லை. வாடகை, மழை, எம்ஆர்டி ரயில் தாமதம், இதையெல்லாம் மட்டும் பேசுவோம். நானும் ரோஷக்காரன். "சங்கடமா இருந்தா வர வேண்டாம். அங்க எல்லாரும் இருப்பாங்க" என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

பூசையில் முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சாமியார் செலினின் பெயரை வாசித்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் வந்திருக்கவில்லை. முடிந்ததும் பங்கு ஆன்ட்டி ஒருவர், "ஜெனி வரலியா அண்ணே?" என்றார். "அவளுக்கு வேலை லா" என்று கோயில் வாசலிலேயே பொய் சொன்னேன். நான் குடியிருக்கும் ஈசூனுக்கு வந்து, பிளாக்குக்குக் கீழே காப்பிக் கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். டிவியைப் போட்டுவிட்டேன். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

2

தமிழனுக்கு மலையாள பிலிம் சொசைட்டியில் என்ன வேலை என்று கேட்கலாம். இங்கேயும் கேட்டிருக்கிறார்கள்.

நான் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்காரன். எங்கள் ஊரில் பஸ் ஏறி களியக்காவிளை தாண்டினால் கேரளம். எங்கள் பேச்சைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர்கள் மலையாளம் என்பார்கள், மலையாளிகள் தமிழ் என்பார்கள். இரண்டு பக்கமும் நாங்கள் விருந்தாளிகள்தான்.

மலையாள சினிமாவின் கதையே எல்லை தாண்டிய கதை என்பது என் கட்சி. அவர்களுடைய முதல் மௌனப் படம் திருவனந்தபுரத்தில் எடுக்கப்பட்டது. அதில் மேல்சாதிப் பெண்ணாக வேடம் போட்டவள் ஒடுக்கப்பட்ட சாதிக்காரி. அவளைத் திரையில் அந்த வேடத்தில் கண்டதும் பொறுக்காமல் கலவரம் செய்தார்கள், ஊரைவிட்டே விரட்டினார்கள். அவள் எங்கள் பக்கம் வந்து, தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமலே வாழ்ந்து முடித்தாள் என்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு அடி சுருள்கூட மிஞ்சவில்லை. பிறகு படம் பேச ஆரம்பித்தது, ஆனால் அது பேசிய இடம் வெகுகாலம் சென்னைதான். கோடம்பாக்கத்தில் காயல் என்கிற உப்பங்கழிக்கு செட்டுப் போட்டு மலையாளப் படம் எடுத்தார்கள். கேமராவை நிஜக் காயல் கரைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற துணிச்சல் மெல்லத்தான் வந்தது.

அந்தத் துணிச்சலுக்கு பிலிம் சொசைட்டிகளும் ஒரு காரணம். சினிமா படித்துவிட்டுத் திரும்பிய சில இளைஞர்கள் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார்கள், பிறகு சின்ன ஊர்களுக்கும் பரவியது. கேரளத்தில் ஊருக்கு ஊர் ஏற்கெனவே வாசகசாலை இருந்தது. வாசகசாலையில் பெஞ்சு இருந்தது, பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை வறள வாதம் பண்ண ஆளும் இருந்தது. ஒரு வெள்ளைத் துணியும் ஒரு புரொஜெக்டரும் மட்டும்தான் பாக்கி. சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே படம் எடுத்தார்கள். இன்னும் சிலர் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஜனங்களிடம் கையேந்திப் பணம் திரட்டி எடுத்தார்கள். இதெல்லாம் அடுத்த மாநிலத்துச் செய்தி இல்லை எங்களுக்கு. பஸ்ஸில் போகிற தூரம்.

எங்கள் ஊரிலும் ஒரு சொசைட்டி முளைத்தது. படச்சுருள் இரும்புப் பெட்டியில் ரயிலேறித் திருவனந்தபுரம் வரும், அங்கிருந்து பஸ்ஸில் தூக்கி வருவோம். பள்ளிக்கூட ஹாலில் திரை. எங்கோ ஐரோப்பாவில் எடுத்த படம், அடியில் ஆங்கிலத்தில் சப்டைட்டில். ஹாலில் பாதிப் பேருக்கு அதைப் படிப்பதற்குள் எழுத்து மறைந்துவிடும். ஆகவே கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து புரொஜெக்டர் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எழுத்து வர வர நான் ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும். ஆர்வக்கோளாறில் கதாநாயகி விம்முவதைக்கூட நான் விளக்குவேன். இருட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "லேய், அவ அழுவா, நீ மிண்டாத!" மிண்டாதே என்றால் பேசாதே.

ஒருமுறை மூன்றாம் சுருளை இரண்டாவதாக மாட்டிவிட்டோம். அடக்கம் செய்யப்பட்ட ஆள் அடுத்த காட்சியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிற்பாடு பேசிய ஒருவர் மட்டும், இயக்குநர் காலத்தை உடைத்துவிட்டார் என்று வெகுவாகப் பாராட்டினார்.

சொசைட்டியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பாதியில் யாரும் எழுந்து போகக் கூடாது. கரண்ட் போனாலும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நான் இந்த நாட்டிலும் மீறியதில்லை. ஒருமுறை ஜெனிக்குக் காய்ச்சல் என்று செலின் கூப்பிட்டபோதுகூட, படம் முடிகிற தறுவாய்தானே என்று இருந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். செலின் அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

3

இங்கே எங்கள் சொசைட்டிக்குச் செயலாளர், பொருளாளர், ஆபரேட்டர் எல்லாம் ராஜன் சேட்டன்தான். திருச்சூர்க்காரர், கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடி அறையை மாதம் ஒரு மாலை வாடகைக்கு எடுக்கிறோம்.

இந்த ஊரில் எதற்கும் ஆன்லைனில் விண்ணப்பம் உண்டு. என்ன நிகழ்ச்சி என்று கேட்ட இடத்தில் பிறந்தநாள், திருமணம், சமயம் என்று வரிசையாக இருந்தது. ஒரு பழைய படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எதில் சேரும் என்று தெரியாமல் நானும் சேட்டனும் அரை நாள் விழித்தோம். கடைசியில் 'மற்றவை' என்பதில் போய் விழுந்தோம். இன்றுவரை நாங்கள் மற்றவைதான்.

தமிழ் ஆட்களையும் இழுக்கலாமே என்று சேட்டனுக்கு ஒருநாள் ஆசை வந்தது. என்னைக் கேட்காமலே தமிழில் போர்டு எழுதி மாடிப்படியில் மாட்டிவிட்டார். "படம் முடிந்ததும் சர்ச்சை நடைபெறும். அனைவரும் கலந்துகொள்ளவும்." மலையாளத்தில் சர்ச்ச என்றால் கலந்துரையாடல். நமக்கு அது வம்பு. கீழே மளிகைக் கடைத் தம்பி பதறிக்கொண்டு மேலே வந்தார்.

"அண்ணே, மேல என்ன சண்டையா? ஆளுங்கள வேற கூப்பிட்டிருக்கீங்க. போலீஸ் வந்தா எங்க கடைக்குத்தான் பிரச்சினை லா!"

"சண்டையில்ல மோனே, சர்ச்சயாணு, சர்ச்ச!" என்றார் சேட்டன், சமாதானம் சொல்கிற முகத்துடன்.

"அதைத்தான் வேணாங்கறேன்!"

அன்றைக்குச் செலின் சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்துவிட்டாள்.

இப்போது ஆள் குறைந்துவிட்டது. முன்பு வீடியோ காஸெட் வந்தபோது ஊர்ச் சொசைட்டிகள் தேய்ந்தன. இப்போது போனிலேயே எல்லாம் கிடைக்கிறது, தமிழ்ப் பிள்ளைகள்கூட எம்ஆர்டியில் நின்றுகொண்டே மலையாளப் படம் பார்க்கிறார்கள், அடியில் சுத்தமான ஆங்கிலம் ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் பார்த்து முடித்ததும் யாரிடமும் வாதம் பண்ணாமல் இறங்கிப் போய்விடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சப்பென்று இருக்கிறது.

4

செலின் திருச்சி பாலக்கரைக்காரி. மலையாளத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கல்யாணமான புதிதில் என்னோடு சொசைட்டிக்கு வந்தது சினிமாவுக்காக இல்லை, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல். அப்போது பழைய படங்களுக்குச் சப்டைட்டில் கிடையாது. ஆகவே என் பழைய உத்தியோகம் மறுபடி கிடைத்தது. கடைசி வரிசையில், சுவரோரம் அவள், பக்கத்தில் நான். அவள் காதோடு படம் முழுக்கக் கிசுகிசுப்பேன். முன்வரிசைக்காரர்கள் 'ஷ்ஷ்' என்பார்கள். சேட்டன்தான், "அவர் நம்முடெ சப்டைட்டில், விடுங்க" என்று அனுமதி கொடுத்தார்.

அவசரத்தில் மொழிபெயர்க்கிறவன் சொல்லை அப்படியே தூக்கிப் போட்டுவிடுவான். "வெள்ளம் கேக்குறாரு" என்பேன். தாகத்தில் கிடப்பவர் எதற்கு வெள்ளம் கேட்கிறார் என்று அவள் திகைப்பாள். மலையாளத்தில் அது தண்ணீர். அதைவிட வேடிக்கை, சில மாதம் கழித்து அவள் கேட்டது.

"ஏங்க, இந்த மலையாளத்துக்காரங்க ஏன் எப்பப் பாத்தாலும் கூச்சப்பட்டுக்கிட்டே இருக்காங்க? அப்பா செத்தாலும் சங்கடம்ங்கறாங்க, புருஷன் விட்டுட்டுப் போனாலும் சங்கடம்ங்கறாங்க. அழுதுக்கிட்டே வேற சொல்றாங்க."

அவளுக்குச் சங்கடம் என்றால் தர்மசங்கடம், நெளிகிற மாதிரி இருப்பது. மலையாளத்தில் அது துக்கம். எங்கள் ஊர்ப் பேச்சிலும் அது துக்கம்தான். எழவு வீட்டில் போய் உட்கார்ந்து, சங்கடமாட்டு இருக்கு என்போம். விளக்கிச் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு அந்தச் சொல்லை அவளே எடுத்துக்கொண்டாள். திருச்சியிலிருந்து கெட்ட செய்தி வந்தால், "எனக்கு உங்க படத்துச் சங்கடமா இருக்குங்க" என்பாள். போகப் போக 'உங்க படத்து' விழுந்துவிட்டது.

நானோ எதிர்த் திசையில் போனேன். இங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் என் ஊர்ப் பேச்சைக் கேட்டு, "சேட்டா, தமிழ் தெரியுமா?" என்று கிண்டல் பண்ணினார்கள். சங்கடமாட்டு என்பதில் வரும் ஆட்டு, மிண்டாதே, பெற்ற பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் மக்களே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். இப்போது என்னை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

5

போன ஞாயிறு மாலை அந்த மேல்மாடிக்குப் போனபோது என்னையும் சேட்டனையும் சேர்த்தால் ஒரு மேசைக்குப் போதுமான கூட்டம்தான். செலினுக்கு இன்று ஆண்டு என்று சேட்டனுக்குத் தெரியும். சுக்குக் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். யாரோ பாதுகாத்து வைத்திருந்த மங்கலான பிரதி, சப்டைட்டில் இல்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுவரோர நாற்காலி காலியாக இருந்தது. அதில் என் பையைக்கூட வைப்பதில்லை. ஒரு வருடமாக ஒரு கெட்ட பழக்கம் எனக்கு. படம் ஓட ஓட அந்த நாற்காலியைப் பார்த்து வாய் முணுமுணுக்கும். முன்வரிசைக்காரர்கள் இப்போதெல்லாம் 'ஷ்ஷ்' என்பதும் இல்லை. அது எனக்கு இன்னும் வேதனை.

படகுத்துறைக் காட்சி. கப்பலேறிப் போன தம்பியை நினைத்துக்கொண்டு ஒரு பெண் படியில் உட்கார்ந்திருக்கிறாள். படகுக்காரர் கேட்கிறார், எல்லாரும் கரையேறிவிட்டார்களே, நீ வரவில்லையா? அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனிக்கு சங்கடம்" என்கிறாள்.

"சங்கடமா இருக்காம்" என்றேன் காலி நாற்காலியிடம்.

சொன்ன பிறகு என் காதிலேயே அது திரும்ப விழுந்தது. பூசைக்கு வர சங்கடமா இருக்கு.

ஜெனி தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது வீட்டில் ஒரு சின்ன மீன் தொட்டி இருந்தது. மீன் செத்துப்போனதைப் பற்றித் தமிழ்க் கட்டுரை எழுதினாள். 'எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.' ஆசிரியை சிவப்பு மையில் கோடு போட்டு, 'துக்கமாக' என்று மேலே எழுதியிருந்தார். பிள்ளை ஓடி வந்து என்னிடம் காட்டியது. தேர்வில் மார்க் போய்விடுமே என்று நான், "டீச்சர் சொல்றதுதான் கரெக்ட், சங்கடம்னா கூச்சம், இனிமே அப்படி எழுதாதே" என்றேன். செலின் அடுப்படியிலிருந்து, "ஸ்கூல்ல துக்கம்னு எழுதட்டும். வீட்ல நாங்க சங்கடம்னுதான் சொல்லுவோம்" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மாவும் மகளும் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் ஜெனிதான் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடுவாள். செலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சங்கடப்படாதடி" என்பாள். பிள்ளை கூச்சப்படுகிறாள் என்று நினைத்து நான் ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய் நின்றேன்.

என் மகள் எனக்கு எழுதியது, 'அப்பா, பூசைக்கு வர முடியவில்லை, துக்கமாக இருக்கிறது' என்று. நான் அதற்குப் போட்ட பதிலை இப்போது அவள் மொழியில் படித்துப் பார்த்தேன். துக்கமாக இருந்தால் வர வேண்டாம். அங்கே எல்லாரும் இருப்பார்கள்.

எழுந்துவிட்டேன். நாற்காலி கிறீச்சிட்டது, ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேட்டன் கதவருகே வந்து, "எந்தா, வய்யே? படம் பாதிதான் ஆச்சு" என்றார், உடம்புக்கு என்னவோ என்று.

"மகள்கிட்ட போணும் சேட்டா."

அவர் வழியை விட்டார்.

6

நார்த் ஈஸ்ட் லைன் ரயிலில் அவுட்ரம் பார்க், அங்கே மாறி குவீன்ஸ்டவுன். வழியெல்லாம் மெசேஜ் அடித்து அடித்து அழித்தேன். எந்தத் தமிழில் எழுதினாலும் தப்பாகப் போய்ச் சேர்ந்துவிடும் போலிருந்தது. சுருளை மாற்றி மாட்டினால் செத்தவர் எழுந்து வந்து சூப் குடித்தாரே, அப்படி ஒரே ஒரு சுருள் முன்னால் போக வழியிருந்தால் செலினைக் கேட்டு எழுதியிருப்பேன்.

ஜெனி மரக்கதவைத் திறந்தாள். வெளியே இரும்புக் கதவு பூட்டியபடி இருந்தது. முகம் வீங்கியிருந்தது. கம்பி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா? இன்னிக்கு ஸ்க்ரீனிங் இல்லையா?"

"இருக்கு. ஓடிட்டிருக்கு."

"தென்?"

"பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் பயந்துவிட்டாள். "ஏன், யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ அனுப்பின மெசேஜ நான் தப்பாப் படிச்சுட்டேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் இருப்பாங்க, வராதன்னு போட்டீங்க. நான் அங்க வந்து அழுதா உங்களுக்கு ஷேம்னு நினைச்சேன். அதான் ரிப்ளை பண்ணல."

என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் நான் விட்டுவிட்ட பேச்சு தானாக வந்தது.

"எனக்கும் சங்கடமாட்டு இருக்கு மக்களே. ஒரு வருஷமாட்டு சங்கடம்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. சாவியைத் தேடி எடுத்து வந்தாள், இரண்டு தடவை தப்பான சாவியைப் போட்டாள். கதவு திறந்தபோது அழுதுகொண்டிருந்தாள், கூடவே அம்மா மாதிரி ஒரு சிரிப்பும் எட்டிப் பார்த்தது.

"அந்த வேர்ட் ராங்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இல்ல மக்களே. நீயும் அம்மையும் சொன்னதுதான் சரி."